ஏரிக்கு ஆழம் பார்த்தவர்

அரசாங்க வரைபடத்தில் எங்கள் தெரு ஏரி. பட்டா கிடைக்காவிட்டால் ஆக்கிரமிப்பு என்று வீட்டை இடித்துவிடுவார்கள் என்பதால், நான்தான் மனு எழுதினேன். அளக்க வந்த சர்வேயர் ஒல்லியானவர். தெருமுனையிலேயே பேண்ட்டை முழங்கால்வரை மடித்துக்கொண்டார்.

வீட்டுக்குள் வந்தவரிடம், "தண்ணி எங்க சார் இருக்குது?" என்றேன்.

"மேப்புல இருக்குதே தம்பி."

தறிக்குழியில் காலை விட்டுப் பட்டு நெய்துகொண்டிருந்த அப்பா, "அப்ப நாங்க இன்னா சார், மீனா?" என்றார்.

சர்வேயர் சிரிக்கவில்லை. அப்பாவின் காலருகே குழிக்குள் டேப்பை இறக்கினார். 'ஏரியின் ஆழம் இரண்டரை அடி' என்று எழுதிக்கொண்டார்.

மனு தள்ளுபடியானது. ஆனாலும் அவரை வெறுக்க என்னால் முடியவில்லை. அன்று அளந்துவிட்டுக் கிளம்பும்போது அப்பாவின் தோளைத் தொட்டு, நிஜமான கவலையோடு கேட்டார்:

"பெரியவரே, நீச்சல் தெரியுமாங்க?"