மூக்கும் மலையும் ஒரே தூரத்தில்

ஞாயிற்றுக்கிழமை காலையில் இஸ்திரி போடுவது அவர் வேலை. சாப்பாட்டு மேஜையின் பாதியில் பழைய போர்வையை நாலாக மடித்து விரித்து, வாரத்துக்கான ஆறு யூனிபார்ம் சட்டைகளையும் ஒரே மூச்சில் முடிப்பார். இருபத்தாறு வருஷமாக பஸ் ஓட்டுகிறவர். கைமடிப்பு கத்தி மாதிரி நிற்க வேண்டும், மனைவி போட்டால் அது நிற்காது என்று கல்யாணமான முதல் மாதமே கண்டுபிடித்துவிட்டார். அவள் அதை மறுத்ததில்லை. மறுத்தால் அந்த வேலை யார் தலையில் விழும் என்று அவளுக்குத் தெரியாதா என்ன.

அந்த ஞாயிறு மேஜையின் மறுபாதியில் உட்கார்ந்து, அவள் அவருடைய கேமராவுக்குத் தலை மாற்றிக்கொண்டிருந்தாள்.

தலை என்பது அவள் வைத்த பேர். பழைய ஃபிலிம் கேமராக்களில் சிலவற்றுக்கு, படம் எடுக்கிறவர் கண் வைத்துப் பார்க்கும் மேல்பகுதி தனியாகக் கழன்று வரும். ஒன்றைக் கழற்றிவிட்டு இன்னொன்றை மாட்டலாம். இடுப்பளவில் பிடித்துக்கொண்டு குனிந்து பார்க்கிற தலை ஒன்று. கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்க்கிற தலை இன்னொன்று. எந்த உடம்புக்கு எந்தத் தலை சேரும், சேராததைச் சேர வைக்க எங்கே அரைமயிரளவு ராவ வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

அவள் எங்கும் போய்ப் படித்ததல்ல. பன்னிரண்டு வருஷம் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் ஃபிரேமுக்குள் கண்ணாடி பொருத்தும் வேலை பார்த்தாள். கடையை மூடிய வருஷம், ஏதோ ஒரு அலுவலகம் பழைய சாமான்களை ஏலம் விட்டதில் ஒரு சாக்கு கேமரா மலிவாக வந்தது. வீட்டில் கொட்டி எண்ணினால் பதினோரு உடம்பு, பதினாலு தலை. அந்த மூன்று தலை எதற்கு அதிகம் என்ற கேள்வி அவளை இரண்டு வாரம் சும்மா இருக்கவிடவில்லை. விடை கண்டுபிடித்தபோது கைவசம் ஒரு தொழிலும் இருந்தது. படம் எடுக்கிறவர்கள் அவளைக் ‘கண் டாக்டர்’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கேமராவின் கண்ணைத்தான் சொன்னார்கள். ஆனாலும் அவளுக்கு அந்தப் பேரில் கொஞ்சம் பெருமை உண்டு.

“உங்களுக்கு எதுக்குத் தலை மாத்தணும், இருக்கிறது நல்லாத்தானே இருக்குன்னு வேற யாராவது கேட்டா, என்ன சொல்வீங்க?” என்றாள், திருகைத் தளர்த்திக்கொண்டே.

“டிரைவருன்னு சொல்வேன்” என்றார் அவர். “குனிஞ்சு பாக்குற தலையில இடம் வலமாவும் வலம் இடமாவும் தெரியுது. பஸ் இந்தப் பக்கம் போனா அதுல அந்தப் பக்கம் போகுது. என் பொழப்புக்கு இது ஆகுமா?”

“ஸ்டீரிங்கையா பிடிச்சிருக்கீங்க, கேமராதானே.”

“பழகிப் போயிட்டா ஆபத்து. நீ மாத்திக் குடு.”

தலையைக் கழற்றியதும் கீழே ஒரு சின்னக் கண்ணாடித் தட்டு தெரியும். லென்ஸ் கொண்டுவரும் காட்சி அதன் மேல்தான் விழும். அதில் தூசி இருந்தது. அவள் தட்டை எடுத்து, ஊதி, மெல்லிய துணியால் துடைத்தாள். அந்த நேரம் பார்த்து அவருடைய தங்கை போன் செய்தாள். நாத்தனாரின் போன் என்றால் அரைமணிக்குக் குறையாது. தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, “ம், அப்படியா, அப்புறம்?” என்று கேட்டபடியே தட்டை உள்ளே வைத்து, புதுத் தலையை மேலே தள்ளினாள். டக்கென்று உட்கார்ந்தது. மேஜை மேலிருந்த பென்சிலைப் பார்த்தாள். நுனி தெளிவாகத் தெரிந்தது. கொடுத்துவிட்டாள்.

வெளியாட்களின் கேமரா என்றால் இன்னொரு சோதனையும் உண்டு. ஜன்னலுக்குப் போய் மூன்று தெரு தள்ளியிருக்கும் தண்ணீர்த் தொட்டியைப் பார்ப்பாள். தொட்டியின் ஏணிப்படிகளை எண்ண முடிந்தால்தான் கேமரா வீட்டைவிட்டுப் போகும். இது வீட்டுக்காரர் கேமரா. வீட்டைவிட்டு எங்கே போகப் போகிறது?

அவர் படம் எடுப்பது டிப்போவில். கூட வேலை செய்யும் டிரைவர்களை அவரவர் பஸ்ஸுக்கு முன்னால் நிற்க வைத்து எடுப்பார். மூன்று வாரம் கழித்து முதல் சுருள் கழுவி வந்தது. முப்பத்தாறு படத்திலும் டிரைவர்கள் ஆவி மாதிரி இருந்தார்கள். பின்னாலிருந்த பஸ் நம்பர்கள் பளிச்சென்று இருந்தன.

“ஆளைப் பாக்கச் சொன்னா நம்பரைப் பாத்திருக்கீங்க.”

“ஆளைத்தான் பாத்தேன். அதுல தூரத்துல இருக்கிறது எதுவுமே சரியா தெரிய மாட்டேங்குது. எவ்வளவு திருகினாலும் கலங்கலாவே நிக்குது. கிட்டத்துல பரவாயில்லை.”

அவள் அப்போது வேறு ஒரு தலையின் மிகச் சிறிய ஸ்பிரிங்கை இடுக்கியில் பிடித்திருந்தாள். கீழே விழுந்தால் அதைத் தேடிப் பிடிக்க ஒரு நாள் போகும். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னாள்: “கிட்டத்துல தெரியுது, தூரத்துல தெரியலைன்னா அது கேமரா இல்லைங்க. கண்ணு. அம்பத்தி நாலு ஆச்சுல்ல. போய்க் காட்டுங்க.”

சொன்னது கண் டாக்டர்.

கேமரா அலமாரி மேல் ஏறியது. வீட்டில் அவர் பேச்சும் குறைந்தது. அடுத்த மாதம் டிப்போவில் வருஷாந்திரக் கண் பரிசோதனை. அதில் தேறாவிட்டால் ஸ்டீரிங்கைத் தொட முடியாது. வண்டி கழுவுகிற இடத்தில் நிற்க வைத்தாலும் வைப்பார்கள். அவர்கள் இறக்குவதற்குள் தானே இறங்கிவிடுவது மரியாதை என்று அவருக்குப் பட்டது. நேரக் கணக்கு எழுதும் அறைக்கு மாற்றிக் கொடுக்கும்படி ஒரு கடிதம் எழுதி, செவ்வாய்க்கிழமை மேனேஜரிடம் கொடுத்துவிட்டு வந்தார். சனிக்கிழமை அது மேலிடத்துக்குப் போகும். போய்விட்டால் பஸ் வேறு ஆளுக்கு.

சாப்பிடும்போது, ஊறுகாயை நகர்த்தச் சொல்கிற குரலில்தான் இதை அவளிடம் சொன்னார்.

“காட்டாமலேயே எழுதிக் குடுத்துட்டீங்களா?”

“நீதான் பாத்துச் சொல்லிட்டியே.”

வியாழக்கிழமை ஒரு தாடிக்காரர் வந்தார். கேமரா சேர்ப்பது அவருக்குப் பைத்தியம். சோடாபுட்டிக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, புதுத் தலை மாட்டிய தன் கேமராவை வாங்கி ஜன்னல் பக்கம் திருப்பினார்.

“ஏம்மா, ஒரு சந்தேகம். கண்ணாடி இல்லாம எனக்கு எதிர் வீடே தெரியாது. இதுல எப்படித் தொட்டி தெரியுது?”

இந்த மாதிரிக் கேள்வி என்றால் அவளுக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“நீங்க தொட்டியைப் பாக்கலை சார். உள்ள ஒரு கண்ணாடித் தட்டு இருக்கு, அதைத்தான் பாக்குறீங்க. சினிமாத் திரை மாதிரி. திரையில மலை வந்தாலும் மூக்கு வந்தாலும் உங்க சீட்டுலேர்ந்து ஒரே தூரந்தானே? மூக்கு தெரிஞ்சா மலையும் தெரிஞ்சாகணும். ஒண்ணு தெரிஞ்சு ஒண்ணு தெரியலைன்னா, கண்ணு மேல தப்பு இல்லை...”

அவள் பார்வை அலமாரி மேலிருந்த கேமராவுக்குப் போனது.

“வேற எதுமேல தப்பு?” என்றார் தாடிக்காரர்.

“தட்டு மேல” என்றாள்.

அவரை அனுப்பிவிட்டு ஸ்டூல் போட்டு ஏறி, அலமாரி மேலிருந்து கேமராவை இறக்கினாள். ஜன்னலுக்குப் போனாள். தொட்டி கலங்கலாக நின்றது. லென்ஸைத் திருகினாள், இனி திருக இடமில்லை என்கிற வரைக்கும். ஏணி தெரியவில்லை. தலையைக் கழற்றி, தட்டின் ஓரத்தை நகத்தால் தடவினாள். ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் சொரசொரப்பு. காட்சி விழுகிற பக்கம் சொரசொரப்பு; அது கீழே லென்ஸைப் பார்க்க வேண்டும். அது மேலே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. தட்டின் தடிமன் ஒரு அரிசியளவுகூட இல்லை. காட்சி அந்தத் தடிமன் அளவு விலகியதில்தான் முப்பத்தாறு டிரைவர்களும் மங்கிப் போயிருந்தார்கள்.

புரட்டி வைத்தாள். தொட்டியின் ஏணியில் பதினெட்டுப் படி.

வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை நோயாளி என்பார்கள். சொன்னவர்கள் வாத்தியாரும் வைத்தியரும் அப்புறம் என்ன செய்தார்கள் என்று சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

சாயங்காலம் அவர் வந்து செருப்பைக் கழற்றியதும், அவள் கேமராவை நீட்டினாள்.

“ஜன்னலைப் பாருங்க.”

“இப்ப எதுக்கு?”

“பாருங்களேன்.”

பார்த்தார். கொஞ்ச நேரம் லென்ஸை அப்படியும் இப்படியும் திருகினார். தோள் மெல்ல இறங்கியது. “ஏணி தெரியுது” என்றார்.

“தட்டைத் தலைகீழா வெச்சுட்டேன். உங்க தங்கச்சிகிட்ட பேசிக்கிட்டே. தப்பு என்னோடது. உங்க கண்ணுல ஒண்ணும் இல்லை.”

அவர் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் சிரிப்பார் அல்லது திட்டுவார் என்று அவள் இரண்டுக்கும் தயாராக இருந்தாள்.

“வெளியாளுக்கு ஜன்னல்கிட்ட போய்ப் பாப்பியே. எனக்கு ஏன் பாக்கலை?”

“வீட்டு ஆளுதானேன்னு.”

“ம்.” கேமராவின் தலையைக் கழற்றும் பித்தானைக் கட்டைவிரலால் தடவினார். “எப்படிக் கண்டுபிடிச்ச?”

தாடிக்காரரிடம் சொன்னதை அவள் அப்படியே திரும்பச் சொன்னாள். திரை, மலை, மூக்கு. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். புது ரூட்டில் முதல் நாள் ஸ்டாப்புகளைக் கேட்டுக்கொள்கிற மாதிரி, ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தார்.

“அப்ப நான் இப்ப பாத்தது தொட்டியை இல்லை. தட்டை.”

“ஆமா.”

“தட்டு எங்க இருக்கு? கைக்கெட்டுற தூரத்துல. இதுல ஏணி தெரிஞ்சா, ரோட்டுல எனக்குத் தூரம் நல்லாத் தெரியுதுன்னு அர்த்தமா?”

அவள் சொன்ன கணக்குதான். அதில் ஒரு ஓட்டையும் இல்லை.

“கேமரா சரியாயிடுச்சு” என்றார். “என் கண்ணு சரின்னு இன்னும் யாரும் சொல்லலை. நீ சொன்ன நாள்லேர்ந்து எதிர்ல வர்ற ஒவ்வொரு போர்டையும் ரெண்டு தடவை படிக்கிறேன். முன்னாடியெல்லாம் படிக்கிறேன்னே தெரியாம படிச்சுட்டுப் போவேன். இப்ப இது கண்ணா, பயமான்னு புரியலை. பின்னாடி அம்பது பேரு உக்காந்திருக்காங்க.”

“அதுக்குத்தான் ஒரு வழி இருக்கே. நாளைக்கு வெள்ளிக்கிழமை. நானும் லீவு போட்டுட்டு வரேன். முதல்ல கண்ணைக் காட்டுவோம். நல்லாருக்குன்னு சொன்னா அங்கேர்ந்தே டிப்போவுக்குப் போய் லெட்டரைத் திருப்பி வாங்கிடலாம்.”

“உனக்கு லீவு குடுக்க எந்த மேனேஜர் இருக்கான்?” என்றார். பாதிச் சிரிப்பு வந்து உதட்டோடு நின்றது.

“சிரிச்சு மழுப்பாதீங்க. காலையில ஒன்பது மணிக்குப் போலாம். வரீங்களா?”

அவர் கேமராவை மேஜை மேல், லென்ஸ் சுவரைப் பார்க்கும்படி வைத்தார். கதவு மேல் தொங்கிய துண்டை உருவித் தோளில் போட்டுக்கொண்டு, “ஒன்பது மணின்னா எட்டரைக்கே கிளம்பணும்” என்றபடி முகம் கழுவ உள்ளே போனார்.