ஊறிப்போன ராம்யோன்

தென்கொரியாவின் குன்சான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் பிசி பாங் என்கிற கம்ப்யூட்டர் விளையாட்டுக் கடை நடத்தும் பியோன் மிஹ்யாங்குக்கு ஒரு மனக்குறை உண்டு. அவள் சமைக்கும் ராம்யோன் நூடுல்ஸை யாரும் சூடாகச் சாப்பிடுவதில்லை.

மணிக்கணக்குக்கு வாடகை கொடுத்துக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து விளையாட வருகிறவர்கள் பசித்தால் திரையிலேயே ஒரு தட்டுத் தட்டிச் சொல்லிவிடுவார்கள். அவள் சின்ன நெளிந்த பாத்திரத்தில் நூடுல்ஸைக் கொதிக்கவிட்டு, முட்டை உடைத்து ஊற்றி, வெங்காயத்தாள் தூவி, கிம்ச்சி ஊறுகாயோடு ஓட்டமாகக் கொண்டுபோய் நீட்டுவாள். எதிரில் இருப்பவன் நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டான். "அங்க வைங்க சித்தி" என்பான், அவ்வளவுதான். திரையில் சண்டை முடிவதற்குள் நூடுல்ஸ் சாற்றையெல்லாம் குடித்துவிட்டுக் கட்டைவிரல் தடிமனுக்கு உப்பிக் கிடக்கும். அதையும் ருசி பார்க்காமல் விழுங்கிவிட்டு அடுத்த சண்டைக்குப் போய்விடுவார்கள். திரும்பி வரும் பாத்திரங்களைக் கழுவும்போதெல்லாம், இதற்கு வெந்நீரில் அட்டையை ஊறப்போட்டுக் கொடுக்கலாம் என்று முணுமுணுப்பாள்.

பாங் இன்ஹோ ஒருவன்தான் விதிவிலக்கு. முப்பத்தைந்து வயதிருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, வணக்கம் சொல்லாமல் உள்ளே வராத பழக்கம். தினமும் மத்தியானம் வருவான், ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு நாற்காலி. ராம்யோன் வந்ததும் ஆவி பறக்கப் பறக்கச் சாப்பிட்டுவிட்டு, "சித்தி, உங்க கைப்பக்குவம் யாருக்கும் வராது" என்பான். அந்த ஒரு வார்த்தைக்காக அவனுக்கு மட்டும் இன்னொரு முட்டை போடுவாள்.

அவனுக்கு நன்றி சொல்ல அவளுக்கு வேறு காரணமும் இருந்தது. அவள் புருஷன் கூ தொக்சு கப்பல் கட்டும் தளத்தில் வெல்டராக இருந்தவன். தளத்தை மூடியபோது கையில் வந்த பணத்தில்தான் இந்தக் கடை. கடை வந்ததே தவிர பழைய மனிதன் திரும்பி வரவில்லை. ஒரு வருஷம் சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தான். சாப்பிட்டாயா என்றால் ம், தூங்கினாயா என்றால் ம். இன்ஹோதான் அவனைப் பிடித்து உட்காரவைத்துப் 'பனிக்கோட்டை' விளையாடக் கற்றுக்கொடுத்தான். அன்று பிடித்துத் தொக்சுவுக்கு வாய் திறந்துகொண்டது. ராத்திரிச் சாப்பாட்டில் மக்கோலி என்கிற அரிசிக் கள்ளை ஊற்றிக்கொண்டு, இன்று ஓநாய்க் கூட்டத்தை விரட்டினேன், நேற்றுப் பனி டிராகனைச் சாய்த்தேன் என்று அளப்பான். மிஹ்யாங்குக்கு ஒன்றும் புரியாது. புருஷன் பேசுகிறானே, அது போதும் அவளுக்கு.

அப்படி இருக்கும்போதுதான் பனிக்கோட்டைக் கம்பெனியிலிருந்து போன் வந்தது. பேசிய பெண் ரொம்ப மரியாதையாகத்தான் பேசினாள். உங்கள் கடையில் யாரோ தானியங்கி புரோகிராம் ஓட்டுகிறார்கள். ஆள் விளையாடாமல் புரோகிராமே விளையாடித் தங்கத்தை வாரிக் குவிக்கிறது, அதை அவர்கள் வெளியே நிஜப் பணத்துக்கு விற்கிறார்கள், நேர்மையாக விளையாடுகிறவர்கள் வெறுத்துப்போய் விலகுகிறார்கள். ஒரு கணக்கை முடக்கினால் அதே கடையிலிருந்து இன்னொன்று முளைக்கிறது. இன்னொரு தடவை நடந்தால் கடையின் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பனிக்கோட்டையின் கதவு மூடப்படும். எந்த நாற்காலி என்று மிஹ்யாங் கேட்டாள். இங்கிருந்து பார்த்தால் மொத்தக் கடைக்கும் ஒரே முகவரிதான் தெரியும் என்றாள் அந்தப் பெண்.

வருகிறவர்களில் பாதிக்கு மேல் பனிக்கோட்டைக்காக வருகிறவர்கள். கதவு மூடினால் எல்லாரும் எதிர்க் கடைக்குப் போய்விடுவார்கள். ஆனால் மிஹ்யாங்கின் பயம் அது மட்டுமல்ல. அவளுக்கு உடனே புருஷனின் விரல்கள் ஞாபகம் வந்தன. இத்தனை வருஷம் வெல்டிங் பிடித்து விறைத்துப்போன விரல்கள். காலையில் சட்டைப் பொத்தானையே அவள்தான் போட்டுவிட வேண்டும். இந்த விரல் எப்படி டிராகனைக் கொன்றது? அதோடு, அவள் பக்கத்தில் வந்தால் திரையைத் தோளால் மறைக்கிறானே, அது எதற்கு?

கேட்டுவிடலாம்தான். ஆனால் அவன்தான் என்றால் வெட்கத்தில் மறுபடி அந்தச் சுவருக்கே போய்விடுவான். அவன் இல்லை என்றால், தன்னைப் பெண்டாட்டி சந்தேகப்பட்டாள் என்பது சாகும்வரை அவனுக்குள் கிடக்கும். அவள் வெங்காயத்தாளை நறுக்கப் போய்விட்டாள்.

இரண்டு நாள் கழித்து மத்தியானம் இன்ஹோ ராம்யோன் கேட்டான். கொண்டுபோய் வைத்தாள். அவன் பாத்திரத்தின் மூடியை இடது கையில் கவிழ்த்துப் பிடித்து, வலது கைக் குச்சிகளால் நூடுல்ஸை அதில் எடுத்துப் போட்டு ஊதி ஊதிச் சாப்பிட்டான். "கைப்பக்குவம்னா இதுதான் சித்தி" என்றான். அவளுக்கு முகம் மலர்ந்தது. மலர்ந்த முகத்தோடு தற்செயலாகத் திரையைப் பார்த்தாள். அங்கே ஒரு வில்லாளி அம்பு விட்டுக்கொண்டிருந்தான். திரும்பினான், குனிந்தான், விழுந்த மிருகத்தின் தங்கத்தைப் பொறுக்கினான், மறுபடி அம்பு விட்டான். இன்ஹோவின் இரண்டு கையும் ராம்யோனில் இருந்தன.

மிஹ்யாங் சமையலறைக்கு வந்து நின்றாள். கடையிலேயே இவன் ஒருவனுக்கு மட்டும் சூடாகச் சாப்பிட எப்படி நேரம் கிடைக்கிறது என்று இத்தனை நாளாக அவள் யோசிக்கவே இல்லை. அடுத்த நினைப்பு அதைவிடக் கொடுமையாக இருந்தது. தொக்சுவுக்குக் கற்றுக்கொடுத்ததே இவன்தானே?

அவள் இன்னொரு ராம்யோன் வைத்தாள். யாரும் கேட்காத ராம்யோன். இரண்டு முட்டை போட்டு, தூணோரம் உட்கார்ந்திருந்த புருஷனின் பக்கத்தில் வைத்தாள். அவன் தோளால் திரையை மறைத்துக்கொண்டு, "வச்சுட்டுப் போ" என்றான். அவள் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

ஆவி பறந்தது. அவன் தொடவில்லை. ஆவி மெலிந்தது, அப்போதும் தொடவில்லை. சாறு வற்றியது. முட்டை மேல் ஆடை கட்டியது. நூடுல்ஸ் ஊறக்கூடாதே என்று இத்தனை காலம் புலம்பியவள், அன்று மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊறு, ஊறு என்று வேண்டிக்கொண்டிருந்தாள். அது உப்பிப் பாத்திரத்தின் விளிம்புக்கு வந்த பிறகுதான் தொக்சு "சனியனே" என்று சாய்ந்து உட்கார்ந்தான். தோள் விலகியது. திரையில் பச்சைப் புல்வெளி. புதிதாக வருகிறவர்களை முதல் நாள் இறக்கிவிடும் இடம். அவனுடைய வீரன் மல்லாந்து கிடந்தான், மேலே ஒரு காட்டுப்பன்றி நின்றது.

"டிராகன் எங்கங்க?" என்றாள் மிஹ்யாங்.

அவனுக்குக் காது சிவந்துவிட்டது. "டிராகன் கிட்டல்லாம் நான் இன்னும் போகலை. இந்தப் பன்னியே என்னைத் தாண்ட விடமாட்டேங்குது."

அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அவளுடைய புருஷன் திருடன் இல்லை, வெறும் புளுகன். இவ்வளவு நல்ல செய்தி அந்த வருஷத்தில் அவளுக்கு வந்ததில்லை. சிரித்து முடித்ததும் போன் வந்ததையும் இன்ஹோவின் வில்லாளியையும் சொன்னாள்.

"என்னைத்தான் நெனச்சியா?"

"ஆமா. நெனச்சேன்."

அவன் ஊறிப்போன நூடுல்ஸை ஒரு வாய் எடுத்து மெதுவாக மென்றான். "அந்தப் புரோகிராமைக் குடுத்தாலும் இந்த விரலு தப்பான இடத்துலதான் அழுத்தும்" என்றான். பிறகு எழுந்தான். "வா, போய்க் கேப்போம்."

இன்ஹோ அசரவில்லை. கம்ப்யூட்டருக்குப் பின்னால் செருகியிருந்த, புரோகிராம் இருக்கும் சின்ன யூஎஸ்பி குச்சியைத் தொக்சு எட்டி உருவியதும், திரையில் வில்லாளி கையைத் தொங்கவிட்டு அப்படியே நின்றுவிட்டான். அப்போதும் இன்ஹோ புன்னகை செய்தான். "வீட்டுக் கம்ப்யூட்டரைக் கம்பெனில முடக்கிட்டாங்க, அதான் இங்க. எல்லாரும் பண்றதுதானே சித்தி."

"எல்லாரும் பண்ணலை. எல்லாரோட பாத்திரத்தையும் நான்தான் கழுவறேன், எனக்குத் தெரியும்" என்றாள் மிஹ்யாங். "பாத்திரத்தைக் குடுத்துட்டுக் கெளம்புங்க. இனிமே இங்க வராதீங்க."

அவன் மிச்சமே வைக்காத பாத்திரத்தை அவள் கையில் கொடுத்துவிட்டுத்தான் போனான். அதிலும் குறை சொல்ல முடியாது. அவள் அன்றே கம்பெனிக்குப் போன் செய்து, திரையில் பார்த்த அந்தக் கணக்கின் பெயரைச் சொன்னாள். மறுநாள் அதே பெண் கூப்பிட்டு, அதை முடக்கியாகிவிட்டது, கடையின் மேல் இருந்த புகாரும் போய்விட்டது என்றாள். மிஹ்யாங் போனை வைத்துவிட்டு ஒரு பெரிய மூச்சு விட்டாள். கைப்பக்குவத்தைப் பாராட்ட இனி ஆள் இல்லை என்பது கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. உலகத்தில் ஒரு ரசிகன் கிடைத்தான், அவனும் கள்ளன்.

அன்று சாயங்காலம் கடை நிரம்பியிருந்தது. அவள் வரிசை வரிசையாக ராம்யோன் கொண்டுபோய் வைத்தாள். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை, யாருடைய கையும் சும்மா இல்லை. பாத்திரத்துக்குப் பாத்திரம் நூடுல்ஸ் உப்பிக்கொண்டிருந்தது. அவள் ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டே நடந்தாள், மனம் நிறைந்திருந்தது.

கடைசியாகப் புருஷனிடம் வந்தாள். அவன் அப்போதுதான் உப்பிய நூடுல்ஸை எடுத்து வாயில் போட்டிருந்தான்.

"எப்படிங்க இருக்கு?"

"பிரமாதம்" என்றான் தொக்சு. "இன்னிக்கு அந்தப் பன்னியக் கொன்னுட்டேன், தெரியுமா?"

அவன் தோளுக்கு மேலாக அவளுக்குத் திரை நன்றாகத் தெரிந்தது. பன்றி அவன் வீரனின் மார்பில் ஏறி நின்றது.

"அப்படியா" என்றாள் மிஹ்யாங். "சாப்பிடுங்க."