ரேங்க் சாரின் கடைவாய்ப் பல்

"எத்தனாவது இடம்?" என்று ரேங்க் சார் ஒரு நாள் கேட்டது, இத்தனை வருஷம் ஆகியும் குழாய்க்காரருக்குத் தொண்டையில் மாட்டிய முள்தான். மகனுக்குக் காலேஜில் இடம் கிடைத்த சந்தோஷத்தில் இனிப்பு டப்பாவோடு சார் வீட்டுப் படியேறியிருந்தார். டப்பாவைத் திறப்பதற்குள் சார் காலேஜ் பெயரைக் கேட்டார். எழுந்து போய், ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த பட்டியலில் மேலிருந்து விரலை இறக்கிக்கொண்டே வந்தார். விரல் கதவின் அடிவரைக்கும் போய் நின்றது. "இதுல இல்லையேப்பா," என்றார். இனிப்பைத் தொடாமல் டப்பாவைத் திருப்பிக் கொடுத்தார். "எனக்குச் சர்க்கரை இருக்கு" என்று சமாதானம் வேறு. சர்க்கரை அவருக்கு அன்றைக்கும் கிடையாது, இன்றைக்கும் கிடையாது.

அந்தப் பட்டியல் ஏதோ ஒரு பத்திரிகைக்காரன் வருஷா வருஷம் போடுவது. முதல் நூறு காலேஜ். புத்தகம் கடைக்கு வந்த அன்றே வாங்கி, பக்கத்தைக் கிழித்து, லேமினேட் செய்து, பழைய பட்டியலின் மேல் ஒட்டுவார். பழையதைத் தூக்கிப் போட மாட்டார். எது ஏறிற்று, எது சறுக்கிற்று என்று தூக்கித் தூக்கிப் பார்க்க வேண்டுமே. ஃப்ரிட்ஜ் கதவு இப்போது ஆமை ஓடு மாதிரி தடித்துவிட்டது.

யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி அதுதான். கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னால், "நீங்க எங்க படிச்சீங்க?" என்று திருப்பிக் கேட்பார். பத்திரம் எழுத வக்கீல் வீட்டுக்குப் போனவர் சுவரிலிருந்த சான்றிதழைப் படித்துவிட்டு, மறந்துபோன குடையை எடுக்கப் போகிறவர் மாதிரி வெளியே வந்து அப்படியே வீடு திரும்பியிருக்கிறார். அவர் மனைவி மட்டும் ஒரு நாள் குழாய்க்காரரிடம் சொன்னார்: "நல்லவேளை தம்பி, சமையலுக்குப் பட்டியல் போடல. போட்டிருந்தா இந்த மனுஷன் கல்யாணமான அன்னிக்கே பட்டினி."

மாடியில் இரண்டு அறை, படிக்கிற பையன்களுக்கு வாடகைக்கு. காற்று வருகிற முன்னறை பெரிய காலேஜ் பையனுக்கு. தண்ணீர்த் தொட்டி சத்தம் போடுகிற பின்னறை சின்ன காலேஜ் பையனுக்கு. ஒரு வருஷம் பட்டியல் புரண்டது. குழாய்க்காரர் பின்னறையில் வாஷர் மாற்றிக்கொண்டிருந்தபோது இரண்டு பையன்களும் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எதிரும் புதிருமாக இடம் மாறினார்கள். "நான் என்னண்ணே பண்ணேன்? தூங்கி எழுந்தேன், பதினாலுக்குப் போயிட்டேன்," என்றான் முன்னறையை இழந்தவன்.

சார் எங்கே படித்தார்? தபாலில். பாடம் தபாலில் வந்தது, பட்டம் தபாலில் வந்தது. தபால்காரருக்கு எந்தப் பத்திரிகைக்காரனும் ரேங்க் போடவில்லை என்பதால் அந்தப் பேச்சை அவர் எடுப்பதில்லை. குழாய்க்காரரிடம் மட்டும் அவருக்கு ஒரு சலுகை உண்டு. "நீ பள்ளிக்கூடத்தோட நின்னவன்பா. உன்கிட்ட கேக்க ஒண்ணுமில்ல. நிம்மதி." பாராட்டா, பரிகாசமா? முறைப்பதா, சிரிப்பதா என்று தெரியாமல் குழாய்க்காரர் ஸ்பானரைத் தேடுவது வழக்கம்.

இவ்வளவு பேசுகிறவர் வீட்டில்தான் விதி தன் கடையைத் திறந்தது. ஒரே மகள் பல் டாக்டருக்குப் படித்தாள். கிடைத்த இடத்தில் படித்தாள். அந்தக் காலேஜ் முதல் நூறில் இல்லை. இருநூறு போட்டாலும் வருமா என்பது சந்தேகம். படித்து முடித்து, வீட்டு முன்னால் இருந்த கார் ஷெட்டிலேயே கிளினிக் போட்டாள். இடம் கொடுத்தார், இல்லையென்று சொல்லக் கூடாது. ஆனால் சான்றிதழை மாட்டும்போது ஆணி அடிக்கும் இடத்தைத் தானே காட்டினார். திரைச்சீலையை ஒதுக்கினால் சரியாகக் காலேஜ் பெயர் மறைகிற இடம் அது. பொண்ணு என்ன பண்ணுது என்று யாராவது கேட்டால், "மெடிக்கல் லைன்" என்று சொல்லிவிட்டு மின்விசிறியைப் பார்ப்பார்.

பார்த்துக்கொண்டேயிருந்தது தெரு. "பெத்த அப்பாவே இன்னும் அவகிட்ட வாயைத் திறக்கலையாம், நாம எதுக்குப் போய்த் திறக்கணும்?" என்று பேச ஆரம்பித்தது. கிளினிக்கில் போட்ட நாற்காலிகளில் பாதி எப்போதும் காலி. மகள் அதைப் பற்றி அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நாற்காலிகளை மட்டும் தினமும் துடைப்பாள்.

போன வாரம் சாருக்குக் கடைவாய்ப் பல் வீங்கியது. கிராம்பை அடக்கிக்கொண்டு இரண்டு நாள் ஓட்டினார். மூன்றாம் நாள் பஸ் ஏறி, பட்டியலில் இரண்டாவது இடத்திலிருக்கும் காலேஜின் ஆஸ்பத்திரிக்குப் போனார். வராந்தா பெஞ்சில் பகல் முழுக்க உட்கார்ந்திருந்தார். மீசை முளைக்காத ஒரு மாணவன் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, பெரிய டாக்டர் அடுத்த மாதம் வருவார் என்று அனுப்பிவிட்டான். வீங்கிய கன்னத்தோடு திரும்பியவர் மனைவியிடம் சொன்ன முதல் வாக்கியம்: "கட்டடம் என்னமா இருக்கு தெரியுமா!"

மறுநாள் மாலை கிளினிக்கில் கொப்பளித்துத் துப்புகிற தொட்டி அடைத்துக்கொண்டது என்று குழாய்க்காரரைக் கூப்பிட்டிருந்தார்கள். அவர் தொட்டிக்குக் கீழே படுத்து நட்டைக் கழற்றிக்கொண்டிருந்தபோது வாசலில் இரண்டு கால்கள் வந்து நின்றன. நிமிர்ந்து பார்த்தார். தாடையைச் சுற்றித் துண்டு, ஒரு கண் பாதி மூடி. ரேங்க் சார்தான்.

"ஏம்பா, வேலை முடியலையா?"

"முடிஞ்சிரும் சார். நீங்க உட்காருங்க."

உட்காரவில்லை. மகள் சிங்க்கில் கருவிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள், திரும்பவில்லை. சார் அவளிடம் சொல்ல வேண்டியதை எல்லாம் குழாய்க்காரரின் செருப்பைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தார்.

"நான் ஆபீஸ்ல வேலைக்கு மனு பிரிக்கிற செக்‌ஷன்ல இருந்தவன்பா. மூணு கட்டாப் பிரிப்போம். முதல் கட்டு அதிகாரி மேசைக்கு. ரெண்டாவது கட்டு, முதல் கட்டுல ஆள் கிடைக்கலைன்னா. மூணாவது கட்டு நேரா பீரோவுக்கு மேல. பேரைக்கூடப் படிக்க மாட்டோம், காலேஜைப் பார்த்தே கட்டிருவோம். இவ மனு எந்தக் கட்டுல விழும்னு எனக்குத் தெரியும். கட்டுனவனே நான்தானே."

"அப்ப பீரோவுக்கு மேல தூக்கிப் போட்டது யாரு சார்?" என்றார் குழாய்க்காரர் படுத்தபடியே.

"நான்தான்," என்றார் சார். அதில் அவருக்கு வருத்தம் இருந்த மாதிரி தெரியவில்லை. தன் வாதத்துக்குச் சாட்சி கிடைத்த திருப்திதான் தெரிந்தது. "அதனாலதான் சொல்றேன், ரேங்க் முக்கியம்னு."

கழுவிய கருவியை மகள் தட்டில் வைத்தாள். "அப்பா, நான் உங்ககிட்ட மனு போடல. வாயைத் திறங்க, போதும்."

அவர் குழாய்க்காரரைப் பார்த்தார். "நீ இவகிட்ட பல்லு காட்டியிருக்கியா?"

குழாய்க்காரர் எழுந்து, அவள் அடைத்த பல்லை உதட்டை இழுத்துக் காட்டினார். சார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார். பட்டியலில் விரலை இறக்குகிற அதே சிரத்தை. "அடைச்ச இடம் தெரியலையே," என்று முணுமுணுத்தார். அப்போது பல் ஒரு சுண்டு சுண்டியிருக்க வேண்டும். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, யாரோ பிடித்துத் தள்ளிய மாதிரி போய் நாற்காலியில் சாய்ந்தார்.

மகள் விளக்கை இழுத்து வைத்தாள். வாய்க்குள் கண்ணாடியை விட்டாள். அந்த நேரம் பார்த்துத் தெருவில் போன தையற்கடைக்காரர் நின்றார். அவர் பின்னால் கூடையோடு வந்த அம்மாவும் நின்றார். "அட, சாரே உட்கார்ந்துட்டாரா?" என்றார் தையற்கடைக்காரர், சொல்லிக்கொண்டே வாசல் படியில் ஒரு காலை வைத்தார். மகள் தலை நிமிரவில்லை. ஆனாலும் அவள் காது அந்தப் படியில்தான் இருந்தது.

சாருக்கும் கேட்டுவிட்டது. வாய் நிறையக் கருவி, பேச வழியில்லை. கண்ணை உருட்டிக் குழாய்க்காரரைத் தேடிப் பிடித்தார். ஒரு கையைத் தூக்கி வாசல் ஷட்டரைக் காட்டினார். பிறகு உள்ளங்கையைக் கவிழ்த்துக் கீழே அழுத்தினார், பாதி வரைக்கும் இல்லை, தரை வரைக்கும்.