வேலிக்கு அப்பால் வீசியது

சென்ற சீசனுக்கு முன் கோடைக்கானலில் மிகச் சுத்தமான தெருவுக்குப் பரிசு என்று தண்டோரா போட்டார்கள். நாயுடுபுரத்தில் எங்கள் தெருப் பெண்கள் எல்லோரும் விளக்குமாற்றோடு இறங்கினோம். மேல்தெருக்காரர்கள் எங்களைத் தோற்கடிக்க ஏதாவது செய்வார்கள் என்று எனக்கு ஒரே சந்தேகம்.

அதிகாரிகள் பார்வையிட வருவதற்கு முந்தின நாள் விடியற்காலை, மேல்தெருப் பால்காரி பொன்னம்மாள் எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள புல்சரிவில் சாக்கோடு குனிந்து நின்றாள். குப்பை கொட்டத்தான் வந்திருக்கிறாள் என்று முடிவு கட்டி, ஓடிப்போய்ச் சாக்கைப் பிடித்தேன்.

“எங்க தெருவுல கொட்ட வந்தியா?”

“இழுக்காதீங்கக்கா, கையைக் கிழிச்சிரும். கொட்ட வரலைங்க, பொறுக்க வந்தேன். நேத்து இங்க மேஞ்ச பசு கால் கிழிஞ்சு கெடக்கு. என் மக வேற வெறுங்காலோட புல்லறுக்க வருவா.”

சாக்குக்குள் உடைந்த விளக்குச் சிம்னியும் மருந்துப் பாட்டில் துண்டுகளும் இருந்தன. தெரு பளிச்சென்று இருக்கவேண்டும் என்று வேலிக்கு அப்பால் நான் வீசியவை. சாக்கை விட்டுவிட்டு, அதை அவளிடம் சொன்னேன்.

அவள் ஏசவில்லை. “எங்கெங்க போட்டீங்கன்னு காட்டுங்க. மக வர்றதுக்குள்ள வெரசா பொறுக்கிருவோம்” என்றாள்.

பரிசு எங்கள் தெருவுக்கே கிடைத்தது. மற்றவர்களோடு சேர்ந்து என்னால் கைதட்ட முடியவில்லை.

இப்போது கண்ணாடி உடைந்தால் காகிதத்தில் சுற்றி, கொல்லையில் ஆழமாகக் குழி தோண்டிப் புதைக்கிறேன். ஒரு துண்டாவது விட்டுப்போயிருக்குமோ என்ற பயத்தில், வாரம் ஒருமுறை அந்தச் சரிவில் குனிந்து தேடிவிட்டு வருகிறேன்.