காகிதம் ஒட்டிய தேதி

காக்ஸ் டவுனில் நான் குடியிருக்கும் அப்பார்ட்மெண்டின் வாட்ச்மேன் பெருமாள்சாமி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை செல்ஃபி எடுத்துக்கொள்வார். சிரிக்க மாட்டார். தொப்பியைச் சரிசெய்து, கேட்டுக்கு முதுகைக் காட்டி நிற்பார். எத்தனையோ ஊர்களில் எத்தனையோ காவலாளிகளைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். இப்படி ஒருவரைப் பார்த்ததில்லை. கேட்டுவிட்டேன்.

“ஏஜென்சிக்கு மா. ஆள் நிக்கறானா, தூங்கறானான்னு அவங்களுக்குத் தெரியணும்ல. முன்ன இருந்த எடத்துல இந்த போட்டோவால ஒரு கேஸே திரும்பிச்சி.”

அறுபது வயதான அவர் கோலார் தங்கவயல்காரர். 2020இல் சந்தாபுராவில் ஒரு சின்ன கார்மெண்ட்ஸ் கம்பெனியின் வாட்ச்மேன். ஊரடங்கில் எல்லாரும் வீட்டுக்குப் போய்விட, இவர் மட்டும் அங்கேயே தங்கிக் காவல் காத்தார். ஜூனில் வேலைக்குத் திரும்பி வந்த இருபத்தாறு பெண்களைக் கம்பெனி உள்ளே விடவில்லை. மே 18க்குள் வேலைக்கு வரச் சொல்லி 11ஆம் தேதியே கேட்டில் நோட்டீஸ் ஒட்டினோம், வராதவர்கள் தாங்களாகவே வேலையை விட்டதாகத்தான் அர்த்தம் என்றது நிர்வாகம். பெண்கள் தொழிலாளர் அலுவலகத்தில் புகார் கொடுத்தார்கள்.

மறுவருடம் விசாரணை நெருங்கியபோது ஏஜென்சி சூப்பர்வைசர் ரவிக்குமார் ஒரு தாளோடு வந்தார். 11ஆம் தேதி நோட்டீஸ் ஒட்டியதைப் பார்த்ததாகப் பெருமாள்சாமி கையெழுத்துப் போட வேண்டும்.

“போட்டிருப்பேன் மா. கேட்ல ஏதோ பேப்பர் இருந்தது நெசம். எனக்குக் கன்னடம் படிக்க வராது. என்னிக்கி ஒட்டினாங்கன்னு யார் கண்டா?”

விஷயம் கேள்விப்பட்டு, அந்த இருபத்தாறு பேரில் ஒருத்தியான தனலக்ஷ்மி கேட்டுக்கே வந்துவிட்டாள்.

“இன்னாணா, சைன் போடப் போறியாமே?”

“பேப்பரப் பாத்தேன்ல. பொய் இல்லியே.”

“எந்தத் தேதில பாத்த?”

“அது ஞாபகம் இல்ல.”

“ஒரு நாளைக்கி ஆறு வாட்டி ஹீரோ மாதிரி போஸ் குடுத்தியே, உன் மூஞ்சி மட்டுமா அதுல வுழுந்துது?”

அவருக்குப் படங்களை அழிக்கத் தெரியாது. அதனால் எல்லாமே போனில் இருந்தன. மே 11: அவர் முகம், பின்னால் வெறும் பச்சைக் கேட்டு. 12, 15, 18 எல்லாம் அப்படியே. 27ஆம் தேதி காலை பத்து மணிப் படத்தில்தான் முதல் தடவையாக, இடது காதுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக் காகிதம்.

மறுநாள் கையெழுத்துப் போடாமல் தாளைத் திருப்பிக் கொடுத்ததும் ரவிக்குமார் கத்தவில்லையாம். “பெருமாள்சாமிண்ணா, உன் வயசுக்கு வேற கேட்டு கெடைக்குமா? யோசிச்சிக்கோ,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாராம்.

யோசிக்கத்தான் செய்தார், இரண்டு நாள். பிறகு போனை எடுத்துக்கொண்டு விசாரணைக்குப் போனார்.

அதிகாரி ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்துவிட்டு, “எதுக்குப்பா இத்தனை போட்டோ?” என்றார்.

“நான் டூட்டில இருந்தேன்னு காட்டத்தான் சார்.”

கம்பெனி வக்கீல் அவகாசம் கேட்டார். இரண்டு மாதத்தில் சமரசமாகி, பெண்களைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். ஏழு பேர் அதற்குள் வேறு வேலைக்குப் போயிருந்தார்கள். தனலக்ஷ்மி தன் மிஷினுக்கே திரும்பினாள். பெருமாள்சாமியை ஏஜென்சி விசாரணை நடந்த வாரமே நிறுத்திவிட்டது. நான்கு மாதம் அலைந்த பிறகு இன்னொரு ஏஜென்சி எடுத்துக்கொண்டது.

வருத்தமாக இல்லையா என்று கேட்டேன்.

“இல்லாம இன்னா? அங்க தங்க ரூம் இருந்துச்சி. இப்ப ரெண்டு பஸ் மாறி வரேன்.” தொப்பியைச் சரிசெய்துகொண்டார். “அந்த போட்டோங்களப் பாக்காமயே இருந்திருந்தா சைன் போட்டிருப்பேன் மா. இருபத்தேழுன்னு கண்ணால பாத்துட்டு, பதினொண்ணுன்னு எப்பிடி எழுதறது?”