ஆள் நிற்காத கடை

அடுத்தவர் வேலையைச் சுலபமாக்க நாம் படும் பாடு, இதே ஆலோசனைப் பிழைப்பில் இருக்கும் உங்களுக்குத் தெரியாததல்ல. அதிலும் என்னைப் போல நான்கு பேர் திரும்பிப் பார்த்தாலே பேச்சு தடுமாறும் ஆளென்றால் கேட்கவே வேண்டாம்.

மாப்பிள்ளை யாரு?

தி. நகரில் ஒரு ஜவுளிக்கடை. “பிள்ளைக யாரும் நிக்க மாட்டேங்குது” என்று முதலாளி அண்ணாச்சி எங்கள் ஆலோசனை நிறுவனத்தைக் கூப்பிட்டிருந்தார். முதல் நாள் மேனேஜர் என்னைப் பட்டுப் பிரிவில் விட்டு, “மேடம் எம்ப்ளாயி என்கேஜ்மென்ட்டுக்காக வந்திருக்காங்க, கவனிச்சுக்கோங்க” என்று சொல்லிவிட்டு மாயமானார்.

கவனித்தார்கள். மறுப்பதற்கு நான் வாய் திறப்பதற்குள் மூன்று அரக்குப் பட்டு என் தோளில் ஏறிவிட்டது. நிச்சயதார்த்தம் எனக்கில்லை, உங்களுக்கு வேலையில் ஈடுபாடு வரவைக்கத்தான் வந்தேன் என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். விற்பனைக்காரர்களில் மூத்தவரான புஷ்பம் அக்கா, புடவையை மடித்தபடியே கேட்டார்: “அப்போ நிச்சயம் எங்களுக்கும் கடைக்குமா? பொண்ணு பாக்க யாருமே வரலியே மேடம்!”

நிற்பது எப்படி?

மதியச் சாப்பாட்டின்போது, ஏன் யாரும் நிற்பதில்லை என்று அக்காவிடம் கேட்டேன். “நிக்க மாட்டேங்கறாங்கன்னா அண்ணாச்சி சொன்னாரு? நாள் பூரா நின்னுக்கினே கீறதாலதான் போறாங்க” என்று சொல்லிப் பாதத்தைக் காட்டினார். செருப்பின் வார் பதிந்து வீங்கியிருந்தது. இந்த மாதத்தோடு தானும் நின்றுவிடப் போவதாகச் சொன்னபோது அவர் குரல் இறங்கிவிட்டது. வேலை அவருக்குப் பிடித்துத்தான் இருந்தது, கால்தான் ஒத்துழைக்கவில்லை.

அண்ணாச்சியிடம் போய், பட்டுப் பிரிவுக்கு ஸ்டூல் வேண்டும் என்றேன். பாதிச் சொல் வெளியே வரவில்லை. ஆனாலும் அவருக்குக் கேட்டுவிட்டது. “ஆளு உக்காந்தா யாவாரம் படுத்துரும்லா, தாயி!”

ஒரே ஒரு வாரம் என்று கெஞ்சினேன். தலையாட்டினார்.

மயிலாப்பூர் மாமி

மறுநாளே ஒரு மாமி மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வந்தார். அண்ணாச்சி பார்க்கிறாரே என்று புஷ்பம் அக்கா புதிதாக வந்த ஸ்டூலைத் தள்ளிவிட்டு எழுந்தார். மாமி கையமர்த்தினார்: “நீ உக்காரும்மா. தலைக்கு மேல நின்னுண்டு இருந்தா, சீக்கிரம் எடுத்துண்டு கிளம்புன்னு விரட்டற மாதிரின்னா இருக்கு!”

வாசல்

மாமி சொன்னது அண்ணாச்சி காதிலும் விழுந்திருக்க வேண்டும், அன்று சாயங்காலம் எல்லாப் பிரிவுக்கும் ஸ்டூல் வந்தது. அண்ணாச்சி மட்டும் வழக்கம்போல வாசலில் நின்று வருகிறவர்களைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். மாதக் கடைசியில் புஷ்பம் அக்கா வேலையை விடவில்லை. ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். “அண்ணாச்சி, நீங்களும் கொஞ்சம் குந்துங்க. வாசலை நாங்க பாத்துக்கறோம்.”

ஊர்க் கடைகளுக்கெல்லாம் உட்கார இடம் கேட்கும் எங்கள் மந்தைவெளி அலுவலகத்தில் மூன்று பேருக்கு இரண்டு நாற்காலிதான் என்பதை மட்டும் அண்ணாச்சியிடம் சொல்லாமல் வந்துவிட்டேன்.