நேர்ந்த பிள்ளையைத் திரும்பக் கேட்டேன்

மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகளே, ஆண்டவர் எனக்குச் செய்ததை உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன். நான் எட்டாவது வரை படித்தவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் ஜெனி ஒன்பது மாதம் என்னோடு பேசவில்லை. அவள் ஹாஸ்டலில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை போன் வரும். நான் எடுத்தால், "அம்மாட்ட குடுங்க" என்பாள். அவ்வளவுதான். அந்த இரண்டு வார்த்தையைக் கேட்கவே நான் ஓடிப்போய் எடுப்பேன்.

எங்கள் ஊர் அக்காள்மடம். நாட்டுப்படகில் மீன்பிடிக்கிறேன். கல்யாணமாகி இருபத்தோரு வருடம் எங்களுக்குப் பிள்ளை இல்லை. என் மனைவி செல்வராணி எந்த வளைகாப்புக்கும் போனதில்லை, அழைப்பதையே நிறுத்திவிட்டார்கள். கடைசியில் ஒருநாள், எங்கள் மாதா கோயில் வேப்பமரத்தில் ஒரு மரத்தொட்டிலைக் கட்டினேன். "பிள்ளை தாரும். அதை உமக்கே தந்துவிடுகிறேன். ஆணானால் சாமியார், பெண்ணானால் கன்னியாஸ்திரி" என்று நேர்ந்தேன். நீங்கள் பார்த்திருப்பீர்கள், நம் கரையில் படகு வந்ததும் முதலில் கோயில் பங்கை எடுத்து வைப்போம். அதற்குப் பிறகுதான் மற்றவர்களுக்கு. எனக்குத் தெரிந்த பக்தி அதுதான். அந்தப் பழக்கத்திலேயே நேர்ந்துவிட்டேன்.

மறுவருடம் ஜெனி பிறந்தாள். அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது.

அவளைப் பள்ளிக்கூடத்தில் விடப்போனால், "ஏ ஜெனி, ஒங்க தாத்தா வந்துருக்காரு" என்று பிள்ளைகள் கத்தும். அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "தாத்தா இல்ல, எங்க அய்யா. மெதுவாப் பெத்தாக, அதான் நான் நல்லா வந்துருக்கேன்" என்பாள். அப்படிப் பேசிய பிள்ளை.

எனக்கு அறுபது ஆனபோது, கூடவே கடலுக்கு வந்த என் வயதுக்காரர் ஒருவர் வலை இழுக்கையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படகுக்குள் சாய்ந்தார். கரைக்குக் கொண்டுவருவதற்குள் உயிர் போய்விட்டது. அன்றிலிருந்து எனக்குப் பயம் பிடித்தது. நான் போய்விட்டால் இவள் கதி? நேர்ச்சையை யார் முடிப்பார்? ஜெனி எட்டாவது முடித்திருந்தாள். கமுதியில் சிஸ்டர்கள் நடத்தும் ஒரு ஹாஸ்டலில் இடம் கேட்டு வாங்கினேன். அங்கே படித்தால் அப்படியே மடத்தில் சேர்ந்துவிடலாம் என்று என் எண்ணம். நேர்ச்சையைப் பற்றி அவளிடம் சொன்னதே, பெட்டி கட்டுகிற அன்றைக்குத்தான்.

"என்னைய கேட்டீகளா?" என்றாள்.

"நீ பொறக்கதுக்கு முன்னாடியே நேர்ந்தது, தாயி."

"சரி. பொறந்து பதினாலு வருசமாச்சு. அதுக்கப்பறம் ஒருநாளாச்சும் கேட்டுருக்கலாம்ல?"

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொன்னேன். அதுதான் அவள் என்னிடம் கடைசியாகக் கேட்ட கேள்வி. ஹாஸ்டல் வாசலில் அழவும் இல்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை.

கிறிஸ்மஸுக்கு வந்தாள். அவளுக்குப் பிடிக்கும் என்று நண்டு கொண்டுவந்தேன். நான் எழுந்துபோன பிறகு வந்து ரசம் ஊற்றிச் சாப்பிட்டாள். நண்டைத் தொடவில்லை.

பிறகு தவக்காலம் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஹாஸ்டலிலிருந்து போன். விடிந்ததிலிருந்து ஜெனியைக் காணவில்லை. செல்வராணி சுவரில் சாய்ந்தபடியே உட்கார்ந்துவிட்டாள். முப்பத்தைந்து வருடத்தில் என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள், அன்றைக்குக் கேட்டாள்:

"ஏங்க, அது என்ன மீனா, கோயில் பங்குன்னு எடுத்து வைக்க? எம் புள்ளைங்க அது. எனக்குப் பங்கில்லையா?"

நான் பஸ் ஏறி ராமநாதபுரம் போனேன். கமுதி பஸ் அங்கேதான் வந்து நிற்கும். பஸ் நிலையத்தில் ஒவ்வொருவரிடமும் படத்தைக் காட்டினேன். என் சட்டைப்பையில் இருந்தது அவள் புதுநன்மை வாங்கிய அன்று எடுத்த படம். வெள்ளைக் கவுன், தலையில் பூமுடி, எட்டு வயது.

ஒரு கண்டக்டர் பார்த்துவிட்டு, "பெரியவரே, பேத்திக்கு இப்ப என்ன வயசு?" என்றார்.

"மகள்ப்பா. பதினாலு."

"அப்ப இந்தப் படத்த வச்சு எப்படிக் கண்டுபிடிக்க? எம்புட்டு உயரம் இருப்பா? முடி நீளமா, கட்டையா?"

எனக்குத் தெரியவில்லை, பிள்ளைகளே. கிறிஸ்மஸுக்கு வந்தபோது அவள் முகத்தை நான் நிமிர்ந்தே பார்க்கவில்லை. இருபத்தோரு வருடம் கேட்டு வாங்கிய பிள்ளை. அவள் என் தோள் வரை வருவாளா என்றுகூட என்னால் சொல்ல முடியவில்லை.

அங்கிருந்த சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். ஊரே பார்க்க அழுதேன். "ஆண்டவரே, அன்றைக்குத் தருகிறேன் என்றேன். தப்பு. அவள் என் பொருள் இல்லை, எடுத்துக் கொடுக்க. இன்றைக்குத் திரும்பக் கேட்கிறேன். அவளை எனக்குப் பிச்சையாகப் போடும். வாக்குத் தவறினதற்குத் தண்டனை உண்டென்றால் எனக்குக் கொடும், அவளுக்கு வேண்டாம்." இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். வேறு செபம் வாயில் வரவில்லை.

அரைமணி நேரம் இருக்கும். செல்வராணி போன் செய்தாள். "நம்ம கோயில்லதான் இருக்காளாம். உபதேசியார் வந்து சொன்னாரு. நான் போறேன், நீங்க வாங்க." காலையில் பாம்பன் பாலத்தில் எங்கள் இரண்டு பஸ்ஸும் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கும். அவள் என் கைக்கெட்டும் தூரத்தில் போயிருக்கிறாள். எனக்குத் தெரியவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது ஜெனி வேப்பமரத்தடியில் நின்றிருந்தாள். செல்வராணி அவள் கையைப் பிடித்திருந்தாள். மரத்தில் யார் யாரோ கட்டிய தொட்டில்கள் தொங்கின. அவள் அவற்றையே பார்த்துக்கொண்டு, ஒன்பது மாதத்துக்குப் பிறகு என்னிடம் பேசினாள்.

"இதுல எது ஒங்களுது? அவுத்துட்டுப் போகத்தான் வந்தேன்."

"பதினஞ்சு வருசமாச்சு தாயி. அது எப்பவோ மக்கிப் போயிருக்கும்."

"தொட்டிலு மக்கிருச்சு. நேர்ச்ச மட்டும் மக்கலையாய்யா?"

"இன்னைக்கு அதைத் திரும்பக் கேட்டுட்டேன்."

"குடுத்துட்டாகளா?"

"நீ இங்கன நிக்கிறியே."

அப்போதுதான் அழுதாள். என்னிடம் வரவில்லை. தோளிலிருந்த பையைக் கழற்றி என்னிடம் நீட்டினாள், தூக்கிக்கொண்டு வரச் சொல்லி. அது போதுமென்று இருந்தது எனக்கு. என் தோளைத் தாண்டி வளர்ந்திருந்தாள்.

நான் பெஞ்சில் உட்கார்ந்து அழும் முன்பே அவள் கோயிலுக்கு வந்துவிட்டாள். அதை நினைக்க நினைக்க எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. நான் வாய் திறக்கும் முன்பே அவர் கொடுத்துவிட்டிருக்கிறார்.

ஜெனி இப்போது இங்கேயே பத்தாவது படிக்கிறாள். பழையபடி கலகலப்பு இல்லை. நான் "தாயி" என்று ஆரம்பித்தாலே, அடுத்து என்ன சொல்லப்போகிறேனோ என்று அவள் முகம் சுருங்குகிறது. அந்த ஒன்பது மாதத்தை நான் கேட்டாலும் யாரும் திருப்பித்தர முடியாது. அதை நினைத்து இன்றும் கடலில் தனியாக இருக்கையில் அழுகிறேன்.

எந்த வயதில் பிள்ளை பெறுவது நல்லது என்று சிலர் கேட்கிறார்கள். சீக்கிரம் பெற்றிருந்தால் எனக்கு இந்தப் பயம் இருந்திருக்காதோ என்னவோ. ஆனால் என் வயது அவளை ஹாஸ்டலுக்கு அனுப்பவில்லை. சாவதற்குள் அவளை எங்காவது ஒப்படைத்துவிட வேண்டும் என்ற என் பயம் அனுப்பியது. நான் ஆண்டவரை நம்பியிருந்தால் பயந்திருக்க மாட்டேன்.

பிள்ளைகளே, சொல்லாமல் பஸ் ஏறாதீர்கள். வழியெல்லாம் பயந்துகொண்டே வந்ததாக ஜெனியே சொன்னாள். உங்கள் அய்யா காது கொடுக்காவிட்டால் அம்மாவிடம் சொல்லுங்கள், சாமியாரிடம் சொல்லுங்கள். யாரும் கேட்காவிட்டாலும் ஆண்டவரிடம் சொல்லுங்கள். அவர் நீங்கள் சொல்வதையும் கேட்பார், உங்களைப் பெற்றவர்களையும் திருத்துவார். என்னையே திருத்தினாரே.

போன வாரம் ஜெனியிடம், "ஒன் படம் ஒன்னு வேணும் தாயி. சட்டப்பையில வச்சிக்கிறேன். குடுப்பியா?" என்று கேட்டேன். கேட்டுத்தான் வாங்கினேன். சிரிக்காமல் நிற்கிற படம். ஒவ்வொரு நாளும் கடலுக்கு இறங்கும் முன் அதை எடுத்துப் பார்க்கிறேன். முடி இடுப்பு வரை இருக்கிறது. ஆண்டவருக்கு நன்றி.